முன்னோர் நிலமும் ஐந்தாவது பங்கும்

அனுப்புநர்
யாவ் செங் மூய்-ஹியோங்,
(காலஞ்சென்ற யாவ் சுங்-கே அவர்களின் மனைவி, வயது 68)
வீட்டு எண் 3, வூ தாவ் ஆவ் கிராமம்,
லாம் ஹாங் மாவட்டம், புதிய பிரதேசம், ஹாங்காங்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட நில அலுவலர் அவர்கள்,
லாம் ஹாங் மாவட்ட நில அலுவலகம்,
லாம் ஹாங்.

பொருள்: யாவ் யிக்-ஹிங் முன்னோர் பொது நிலத்துக்குப் பொறுப்பாளராக என் பெயரை 22.11.1983க்குள் பதிவு செய்யக் கோருதல். நிலத்தைத் திரும்ப எடுக்கச் செய்யப்பட்ட பரிந்துரைக்கு ஆட்சேபம் தெரிவித்தல்.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 5.9.1983 (இறந்துபோன ஒருவருக்கு எழுதப்பட்டது).
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 28.10.1983 (உயிரோடு இருக்கும் எனக்கு எழுதப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைச் சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவர் எவரிடமும் கொடுத்து எழுதவில்லை. என் கணவர் கப்பலில் கரி அள்ளும் வேலையில் இருந்தபோது, அவருடைய கடிதங்களை அப்படிப்பட்ட ஒருவர்தான் எனக்குப் படித்துக் காட்டுவார். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கும்படி படிப்பார். என் கணவர் எழுதாத கண்ணீரையும் சேர்த்துப் படிப்பார். அது பொறுக்காமல் இருபத்தாறாம் வயதில் விதைப் பொட்டலங்களையும் தங்கள் அலுவலக அறிவிப்புகளையும் வைத்து நானே எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஆகவே இதில் சொற்கள் முரடாக இருந்தால், பாதிப் பழி தங்கள் அலுவலக அறிவிப்புகளையே சேரும்.

1. மனுவில் கூறப்படும் நிலம் வூ தாவ் ஆவ் ஊற்றுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் மூன்று துண்டுகள். ஊற்றுநீர் மேல் துண்டில் நுழைந்து கீழ்த் துண்டு வழியாக வெளியேறுவதால், ஓடும் நீரில் மட்டுமே வளரும் கீரை இங்கே குளிர்காலம் முழுவதும் விளைகிறது. 1934ஆம் ஆண்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாளிலிருந்து நான் இந்த நீரில்தான் நிற்கிறேன். முதல் இரண்டு நாட்கள் விருந்து.

2. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் அரசாங்கம் இந்தியாவிலிருந்து நில அளவையாளர்களை வரவழைத்தது. அவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் சங்கிலி போட்டு அளந்தார்கள். நிலம் யாருடையது என்று கேட்டார்கள். யிக்-ஹிங்குடையது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். யிக்-ஹிங் இறந்து அப்போதே நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருக்கிறாரா என்று அளந்தவர்கள் கேட்கவில்லை, எங்கள் ஆட்களும் சொல்லவில்லை. காட்டை வெட்டி நிலத்தைத் திருத்தியவர் செத்துப்போனார் என்பதற்காக நிலம் கைமாறும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் பெயரில் இருக்கும், அவருடைய ஆண் வழியினர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், ஒரு பொறுப்பாளர் பார்த்துக்கொள்வார். தங்கள் சட்டமும் இந்த வழக்கத்தை ஏற்று, இப்பகுதி நிலங்களில் ஊர் வழக்கமே செல்லும் என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

அளந்து முடித்துக் கொடுத்த காகிதத்தை எங்கள் ஆட்கள் உரிமைப் பத்திரம் என்று நினைத்துச் சிவப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். அதில் எங்களைக் குத்தகைக்காரர்கள் என்று எழுதியிருந்தது வெகுகாலம் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. நிலத்தைத் திருத்தியவரே, இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, நேற்று வந்தவர்களின் குத்தகைக்காரர் ஆகிவிட்டார். அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

3. அந்தக் குத்தகை 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் தேதி முடிகிறது. தங்கள் அரசாங்கம் சீனப் பேரரசிடம் வாங்கிய தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை அதே மாதம் 30ஆம் தேதி முடிகிறது. அதாவது தங்களுக்குக் கிடைத்ததில் கடைசி மூன்று நாட்களை எங்களுக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த மூன்று நாட்களும் என் கீரையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தங்கள் அலுவலக எழுத்தர் திரு. லோக் கா-மிங் அவர்களிடம் கேட்டேன். “பெரியம்மா, அதுக்கு இன்னும் பதினாலு வருசம் இருக்கு, அப்ப நீங்க எங்க இருப்பீங்களோ” என்றார். நான் எண்பத்திரண்டு வயதில் அதே நீரில் நிற்பேன். திரு. லோக் எங்கே இருப்பார் என்பது ஹாங்காங்கின் எதிர்காலம் பற்றிப் பிரிட்டனும் சீனாவும் பீக்கிங்கில் நடத்தும் பேச்சைப் பொறுத்தது.

4. பொது நிலத்தின் பொறுப்பாளராக முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தவர் என் கணவரின் அண்ணன் யாவ் பாக்-கே. அவர் கடந்த ஆகஸ்டு 22ஆம் தேதி காலமானார். மரணத்தை மறைக்காமல் பத்தே நாளில் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து தெரிவித்தேன். உடனே நிலப் பதிவு அட்டையில் அவர் பெயரை அடித்தார்கள். அந்த வேகத்தைக் கண்டு, புதுப் பெயரையும் அதே வேகத்தில் எழுதுவார்கள் என்று நம்பிவிட்டேன். பொறுப்பாளர் மாறிய மூன்று மாதத்துக்குள் புதியவரைப் பதிவு செய்யாவிட்டால், நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது தங்கள் சட்டம். அந்த மூன்று மாதம் வருகிற 22ஆம் தேதி முடிகிறது.

5. பொறுப்பாளர் பெயரை அடித்த பிறகு அட்டையில் மிஞ்சியது யிக்-ஹிங்கின் பெயர் ஒன்றே. ஆகவே பார்வை 1இல் கண்ட கடிதம் அவருக்கு வந்தது. “திரு. யாவ் யிக்-ஹிங் அவர்கள் பதினான்கு நாட்களுக்குள் அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும், தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்” என்று அதில் இருந்தது. தபால்காரர் என்னிடம் கொடுக்கும்போது, “யாருங்க இவரு, புதுசா குடி வந்திருக்காரா?” என்று கேட்டார்.

அரசாங்கம் கூப்பிட்டால் போவதுதான் முறை. எங்கள் முன்னோர் கூடத்திலிருந்து யிக்-ஹிங்கின் பெயர்ப்பலகையை எடுத்து, கழுவிய கீரைக்கூடையில் சிவப்புத் துணி விரித்து உட்காரவைத்து, செப்டம்பர் 19ஆம் தேதி பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பலகையில்தான் அவர் இருக்கிறார் என்பது எங்கள் வழக்கம். வழக்கம் செல்லும் என்பது தங்கள் சட்டம். மூன்றாம் எண் முகப்பில் பலகையை நிறுத்தினேன். அங்கே நடந்த பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

திரு. லோக்: “பெரியம்மா, இது என்ன?”

நான்: “நீங்க கூப்பிட்ட ஆளு. வந்திருக்காரு.”

திரு. லோக்: “விளையாடாதீங்க. இவரோட அடையாள அட்டை எங்க?”

நான்: “இவரு செத்து எழுபத்தேழு வருசம் கழிச்சுத்தான் உங்க ராஜாங்கம் ஹாங்காங் தீவுல வந்து இறங்குச்சு. அட்டையை யாரு குடுத்திருப்பா?”

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர்: “ஒரு நாற்காலி போடுங்கப்பா. பெரியவரு எவ்வளவு நேரம் நிப்பாரு.”

திரு. லோக்: “பலகையை எடுங்க பெரியம்மா. அடுத்த ஆளு வரட்டும்.”

நான்: “அப்ப, நேர்ல வந்தாருன்னு எழுதிக்குங்க. இல்லைன்னா வரலைன்னு நடவடிக்கை எடுப்பீங்க.”

திரு. லோக் எழுதினார். “சம்பந்தப்பட்டவர் சார்பில் ஒரு மூதாட்டி வந்தார்” என்று எழுதினார். இருநூற்றுப் பத்தொன்பது ஆண்டுகளாக இறந்து கிடப்பவர் சம்பந்தப்பட்டவர், நாற்பத்தொன்பது ஆண்டுகளாக நீரில் நிற்பவள் மூதாட்டி.

6. அன்றே என் பெயரைப் பொறுப்பாளராக எழுதும்படி கேட்டேன். இரண்டு மறுப்புகள் கிடைத்தன. முதலாவது: “பேச்சுவார்த்தை நடக்குது பெரியம்மா. முடியுற வரைக்கும் புதுசா எதையும் எழுத வேணாம்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க.”

ஐயா, அந்தப் பேச்சுவார்த்தையை நானும் கவனித்துத்தான் வருகிறேன். கீரை சுற்றுவதற்கு வாங்கும் பழைய நாளிதழ்களில் அது ஒவ்வொரு வாரமும் ஈரமாக என் கைக்கு வருகிறது. நீண்ட மேசைக்கு இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர். நடுவில் மூடி போட்ட தேநீர்க் கோப்பைகள். வெளியே வந்து பேச்சு பயனுள்ளதாக இருந்தது என்கிறார்கள். ஒரு முறை அந்தச் சொல்லைச் சொல்ல மறந்துவிட்டார்கள். உடனே செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நகரத்தில் அரிசியும் எண்ணெயும் கழிப்பறைக் காகிதமும் கடைகளில் தீர்ந்துபோயின. மலைக்கு அப்பால் இவ்வளவு நடந்தும், எங்கள் ஊரில் வந்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டவர் யாரும் இல்லை. எங்கள் ஊரைப் புதிய பிரதேசம் என்று இரு தரப்பும் சொல்கிறார்கள். முன்னூறு ஆண்டுகளாக இங்கே இருப்பவர்களுக்கு இதில் புதியது அவர்கள் மட்டுமே. மேசையின் எந்தப் பக்கத்திலும் ஊற்றுநீரில் கால் வைத்த ஒருவரும் இல்லை. அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் நூறு ஆண்டுகளைப் பேசட்டும். எனக்குத் தேவை ஓர் அட்டையில் ஒரு வரி.

ஆனால் ஒன்று புரியவில்லை. பேச்சு முடியும்வரை புதுப் பெயர் எழுதக்கூடாதாம். மூன்று மாதம் முடிந்ததும் நிலத்தைப் பறிக்க மட்டும் பேச்சு முடியக் காத்திருக்க வேண்டாமாம். பேச்சுவார்த்தை, பெயர் எழுதும் பேனாவை மட்டும் பிடித்துக்கொண்டு, பறிக்கும் கையை எப்படி விட்டுவிட்டது என்பதைத் தாங்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

7. இரண்டாவது மறுப்பு, நான் பெண் என்பது. இதை நான் மறுக்கவில்லை. பொறுப்பாளர் ஆணாக இருப்பதே வழக்கம். அந்த ஆண்கள் எங்கே என்பதுதான் கேள்வி. யிக்-ஹிங்கின் வழியில் இன்று உயிரோடு இருக்கும் ஆண்கள் ஐந்து பேர். இருவர் லண்டனிலும் ஒருவர் லிவர்பூலிலும் ஒருவர் ராட்டர்டாமிலும் ஒருவர் மான்செஸ்டரிலும் வெள்ளைக்காரர்களுக்கு வறுத்த சோறு பொட்டலம் கட்டுகிறார்கள். தங்கள் அரசாங்கத்தின் கடவுச்சீட்டில்தான் போனார்கள். வயலில் ஆள் இல்லாதபோது யாரும் பெண் என்று பார்க்கவில்லை. அட்டைக்கு வரும்போது பார்க்கிறார்கள்.

திரு. லோக் கடைசியில் இரங்கி, “அஞ்சு பேரும் எழுத்துல சம்மதம் குடுத்தா மேல அனுப்பிப் பாக்குறேன்” என்றார். நான் ஐந்து கடிதம் எழுதினேன். நான்கு சம்மதங்கள் வந்தன, இணைத்துள்ளேன். ராட்டர்டாமில் இருப்பவன், “சித்தி, நீங்கதானே எப்பவும் பாத்துக்கிட்டீங்க, இதுல கேக்க என்ன இருக்கு” என்று எழுதியிருக்கிறான். அவன் கையெழுத்து இன்னும் சிறு வயதில் இருந்தபடியே கோணலாகத்தான் இருக்கிறது.

ஐந்தாமவன் மான்செஸ்டரில் இருக்கும் யாவ் தின்-சோய். சந்தையிலிருந்து தொலைபேசியில் பேசினேன். “சித்தி, என் பேரைப் போடுங்க. ஒரு கம்பெனிக்காரன் கேக்குறான், சரக்குப் பெட்டி அடுக்கி வைக்க. தொண்ணூத்தேழுக்கு அப்புறம் அது வெறும் காகிதம். இப்பவே தள்ளி விட்டுடலாம்” என்றான். ஊற்று என்ன ஆகும் என்று கேட்டேன். “கான்கிரீட் போட்டு மூடிடுவாங்க. நீங்க எதுக்கு இந்த வயசுல தண்ணியில நிக்கணும்? அடுக்குமாடியில ஒரு அறை வாங்கித் தாரேன். குழாயைத் திறந்தா சுடுதண்ணி வரும்” என்றான். அவனுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது அவன் தாய்க்கு உடல்நலம் இல்லாததால், இந்த ஊற்றுநீரைத் துணியில் நனைத்து நான்கு நாட்கள் நெற்றியில் போட்டவள் நான். அதை அவனிடம் சொல்லவில்லை. சம்மதம் தரமாட்டாயா என்று மட்டும் கேட்டேன். மாட்டேன் என்றான்.

8. இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். எங்கள் பொது நிலம் இன்னும் செயல்படுகிறதா என்று நேரில் பார்த்து அறிக்கை தர, அக்டோபர் 14ஆம் தேதி திரு. லோக் அவர்களைத் தாங்கள் அனுப்பினீர்கள். அன்று எங்கள் சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்து ஒன்பதாம் நாள், யிக்-ஹிங்கின் கல்லறையில் வழிபாடு. அவர் நகரத்துக் காலணியோடு அலுவலகக் கோப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி மலை ஏறி வந்து சேர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. வழிபாட்டின் முறை தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிலத்தின் விளைச்சலில் சுட்ட பன்றி வாங்கி முன்னோருக்குப் படைப்போம். பின் பொறுப்பாளர் கத்தியை எடுத்து இறைச்சியைப் பங்கு போட்டு, ஆண் வழியினரின் பெயர்களைப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் வந்து, ஏட்டில் தன் பெயருக்கு நேரே குறி போட்டு, பங்கை வாங்கி உண்பார். ஊரில் இல்லாதவருக்காக வேறு ஒருவர் குரல் கொடுத்து வாங்கலாம். வாங்கினால், அடுத்த ஆண்டு வழிபாடுவரை அந்தப் பெயருக்கு அவர்தான் ஆள். குடும்பம் எடுக்கும் முடிவில் அந்தப் பெயருக்கு அவரே குறி போடுவார். 1958இல் என் கணவர் கடலில் இருந்தபோது அவர் பங்கை வாங்கியவர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர். அந்த ஆண்டு தங்கள் அரசாங்கம் குடிநீர்க் குழாய்க்காக எங்கள் நிலத்தின் ஓர் ஓரத்தைக் கேட்டபோது, என் கணவருக்குப் பதில் அந்த ஆசிரியர்தான் கையெழுத்திட்டார். தங்கள் அலுவலகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. கோப்பில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். குழாயும் இருக்கிறது.

பெண்களுக்குப் பங்கு இல்லை. நாற்பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பன்றிக்கு வேண்டிய விளைச்சலை எடுத்திருக்கிறேன். என் பெயர் சொல்லி ஒரு துண்டு வந்ததில்லை. கடந்த ஒன்பது ஆண்டுகளாக என் கணவரின் அண்ணனுக்குக் கை நடுங்கியதால், கல்லறைக்கு முன்னால் எல்லோரும் பார்க்கக் கத்தியை என்னிடம் கொடுத்தார். அவர் பெயர் சொல்ல, நான் வெட்டினேன். இந்த ஆண்டு இரண்டையும் நானே செய்தேன்.

பன்றியைச் சுமந்து வந்தவர் சந்தையில் சுட்ட இறைச்சிக் கடை வைத்திருக்கும் மாக் சாய். நானும் அவரும் திரு. லோக்கும் தவிர மலையில் வேறு யாரும் இல்லை. நான் பெயர்களைக் கூப்பிட்டேன். முதல் நான்கு பேருக்கும் புல்தான் அசைந்தது. ஐந்தாவதாக யாவ் தின்-சோய் என்று கூப்பிட்டேன்.

அப்போது திரு. லோக், “பெரியம்மா, அது ஆறிப்போகுது, நான் எடுத்துக்கட்டுமா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல” என்றார்.

மாக் சாய்: “தம்பி, அது மான்செஸ்டர்காரன் பங்கு. எடுத்தா நீங்கதான் அவன்.”

திரு. லோக்: “பரவாயில்ல, அவன் என்ன இங்க வந்தா கேக்கப்போறான்.”

நான்: “ஏட்டுல குறி போட்டுட்டு எடுங்க. இது பங்கு வாங்குறவங்க ஏடு, வந்துபோறவங்க எழுதுறது இல்ல.”

திரு. லோக்: “சரி சரி, எங்க போடணும்?”

மாக் சாய்: “அப்படியே விழுந்து கும்புட்டுக்குங்க, புதுப் பேரனைத் தாத்தா பாக்கட்டும்.”

திரு. லோக் சிரித்துக்கொண்டே மூன்று முறை வணங்கினார். பிறகு தன் பேனாவால் தின்-சோயின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, என் கையிலிருந்து பங்கை வாங்கி, மொறுமொறுப்பான தோல்வரை தின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். மற்ற நான்கு பங்குகளையும் மாக் சாய் மூலம் லாம் ஹாங் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினேன். பொறுப்பாளருக்கு உரிய பின்னங்காலை நான் எடுக்கவில்லை, பதிவு ஆகாததால். அதைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

9. இரண்டு வாரத்தில் பார்வை 2இல் கண்ட கடிதம் வந்தது. அதில் திரு. லோக் அவர்களின் அறிக்கை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது: “வழிபாட்டில் ஆண் உறுப்பினர் எவரும் கலந்துகொள்ளவில்லை. பொது நிலம் செயல்படவில்லை. ஐந்து சம்மதங்களில் நான்கு மட்டுமே உள்ளன. நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.”

உதட்டில் எண்ணெய் காய்வதற்குள் எழுதியிருப்பார் போலும்.

10. ஐயா, திரு. லோக் அவர்களுக்குத் தீங்கு வர வேண்டும் என்பது என் எண்ணம் அல்ல. பசித்தவர் தின்றார். அவரைக் காலையில் சாப்பிடவிடாமல் அனுப்பிய அலுவலகத்தின் மேல்தான் என் வருத்தம். ஆனால் அன்று மதியம் நடந்ததற்கு இரண்டில் ஒரு விளக்கம்தான் உண்மையாக இருக்க முடியும்.

கத்தி பிடித்துப் பெயர் கூப்பிட்ட நான் பொறுப்பாளர் என்றால், பங்கு முறையாகப் பிரிக்கப்பட்டது, பொது நிலம் செயல்படுகிறது, என் பெயரை எழுதுவதுதான் மிச்சம். நான் பொறுப்பாளர் இல்லை என்றால், யாவ் குடும்பத்தின் பொதுச் சொத்தை உரிமையில்லாத ஒரு கிழவி வெட்டி எடுத்துக் கொடுக்க, அரசு அலுவலர் ஒருவர் அரசுப் பணி நேரத்தில், தான் ஆய்வு செய்ய வந்த சொத்திலிருந்தே, வாங்கித் தின்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். இவ்விரண்டில் எது நடந்தது என்பதைத் தாங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எதுவானாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது என்றால் அதன் நகலை நாளிதழுக்கு அனுப்புவேன். எப்படியும் அது கீரை சுற்ற என்னிடமே திரும்பி வரும்.

11. மேலும், ஊர் வழக்கப்படி கடந்த அக்டோபர் 14 முதல் அடுத்த ஆண்டு வழிபாடுவரை யாவ் தின்-சோய் என்ற பெயருக்கு ஆள் திரு. லோக் கா-மிங் அவர்களே. 1958இல் பள்ளி ஆசிரியரின் கையெழுத்தை ஏற்றுக் குழாய் போட்டுக்கொண்ட அலுவலகம், 1983இல் தன் சொந்த ஊழியரின் கையெழுத்தை ஏற்க மறுக்காது என்று நம்புகிறேன். ஆகவே ஐந்தாவது சம்மதப் பத்திரத்தை எழுதி, கையெழுத்திடும் இடத்தைக் காலியாக விட்டு இணைத்துள்ளேன். திரு. லோக் அவர்கள் தன் மேசையிலிருந்து எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. மலையில் போட்ட அதே கையெழுத்து போதும்.

வழிபாட்டில் ஆண் உறுப்பினர் எவரும் இல்லை என்ற வரியையும் அவரே திருத்திக்கொள்ளலாம். ஒருவர் இருந்தார்.

எனவே தங்களிடம் நான் கேட்பது:

அ. ஐந்தாவது சம்மதத்தில் திரு. லோக் அவர்களின் கையெழுத்தைப் பெற்று, என்னை யாவ் யிக்-ஹிங் பொது நிலத்தின் பொறுப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும்.

ஆ. நிலத்தைத் திரும்ப எடுக்கும் பரிந்துரையை நீக்க வேண்டும்.

இ. இனி யிக்-ஹிங் அவர்களுக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால், என் மேற்பார்வையில் என்று உறையில் குறிப்பிட வேண்டும். தபால்காரர் குழம்புகிறார்.

பதிவு செய்யும் எழுத்தருக்கு நேரமில்லை என்றால், தகுந்த அட்டையை எடுத்து வைத்தால் போதும், நானே வந்து தெளிவான எழுத்தில் எழுதித் தருகிறேன். வருகிற 21ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் எண் முகப்பில் இருப்பேன். அலுவலகம் மூடும்வரை இருப்பேன். 22ஆம் தேதி என்னால் வர இயலாது. அன்று மேல் துண்டில் கீரை முதல் அறுப்பு.

மூன்று துண்டு நிலத்தின் மேல் தங்கள் மேலான கவனம் ஒரு முறை விழும் என்று எதிர்பார்க்கும்,

யாவ் செங் மூய்-ஹியோங்
(கையொப்பம்)
பொறுப்பாளர், யாவ் யிக்-ஹிங் முன்னோர் பொது நிலம்
(எழுத மட்டும் பாக்கி)

இடம்: வூ தாவ் ஆவ்
நாள்: 7.11.1983

இணைப்பு:
1. சம்மதப் பத்திரங்கள், நான்கு.
2. சம்மதப் பத்திரம், ஐந்தாவது (திரு. லோக் கா-மிங் அவர்களின் கையெழுத்துக்காக).
3. பங்கு ஏட்டின் 14.10.1983 பக்கத்தின் நகல்.
4. மாக் சாய் அவர்களின் சாட்சியம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அவர் கைநாட்டு வைத்தது. படிக்கும்போது எதையும் சேர்க்கவில்லை.